பெரியவர்களின் திக்கலுக்குப் பயிற்சி பலன் தருமா? பேச்சுப் பயிற்சியாளரிடம் கேள்வி பதில்

மேடம், எனக்கு வயசு 34. அஞ்சு வயசுல இருந்தே திக்கும். இப்போ தெரபிக்குப் போனா முழுசா சரியாகுமா?

முழுசா சரியாகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அப்படிச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். சின்ன வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது நின்றுவிடும். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடுகிறது. பயிற்சியில் திக்கலின் இறுக்கம் குறையும், தாடையை அழுத்தி வார்த்தையைத் தள்ளும் பழக்கம் தளரும்.

பாடும்போது, தனியாப் பேசும்போது திக்கறதே இல்ல. அப்போ இது வெறும் பயம்தானே?

இல்லை. பாடும்போதும் பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குபவர்களில் அநேகமாக எல்லோருக்குமே அடங்கிவிடும். பேச்சசைவுகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில்தான் சிக்கல். பரம்பரைக்கும் பங்கு உண்டு. பயம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியது லேசில் போகாது என்பதால் அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

எனக்குத் திக்கறது வெளியே தெரியாது. வராத வார்த்தையை மாத்திப் பேசிடுவேன். தெரபி தேவையா?

உங்களைத்தான் முதலில் வரச் சொல்வேன். என்னிடம் வந்த ஒருவர், 'தாம்பரம்' வாயில் வராது என்று, பஸ்ஸில் அதற்கு முன்னால் வரும் சானடோரியம் ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, மிச்ச தூரம் நடப்பார். வீட்டில் கால்வலி என்று தைலம் தேய்த்துவிடுவார்கள், காரணம் தெரியாது. எட்டாவது வாரம், கண்டக்டரிடம் வேண்டுமென்றே 'தா... தா... தாம்பரம்' என்று திக்கிக் கேட்கச் சொன்னேன். நானும் பின் சீட்டில் இருந்தேன். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "சில்லறை இருக்கா?" என்றார்.

எத்தனை தடவை திக்கினோம் என்று எண்ண வேண்டாம். திக்கலுக்குப் பயந்து எதையெல்லாம் விட்டீர்கள்? எடுக்காத போன், மீட்டிங்கில் தெரிந்தும் விழுங்கிய பதில்? அதுதான் கணக்கு. திக்கிக்கொண்டே எல்லாம் பேசுகிறேன், உறுத்தலில்லை என்பவர் பயிற்சிக்கு வராவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூணு மாசம் தெரபிக்குப் போனேன். ரூமுக்குள்ள சரளமா வந்துச்சு, டீக்கடையில போயிடுச்சு.

இழுத்து, மெதுவாகப் பேசும் முறையை மட்டும் பழக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது தவறான முறை இல்லை. ஆனால் ரோபோ மாதிரி இருக்கிறதே என்று வெளியே வந்ததும் கைவிட்டுவிடுவோம். திக்கும்போதே அந்த இறுக்கத்தைத் தளர்த்திப் பேச்சைத் தொடரும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அதை வகுத்த சார்லஸ் வான் ரைப்பரே திக்குபவர்தான். புது ஆளிடம் முதல் நாளே கேளுங்கள்: இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு உண்டா, பெரியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, கடையிலும் போனிலும் பேசிப் பழக்குவார்களா?

நாக்குல வசம்பு தேய்க்கறது, வாயில கூழாங்கல் போட்டுப் பேசறது, மாத்திரை, இதெல்லாம் உதவுமா?

நாக்கில் குறையே இல்லை, வசம்பு எதற்கு? கூழாங்கல் தொண்டையில் சிக்கும். திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது.

அப்பாவுக்கு 58. நேத்து திடீர்னு திக்க ஆரம்பிச்சிட்டார். உங்ககிட்ட கூட்டிட்டு வரலாமா?

என்னிடம் வேண்டாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; பக்கவாதமாக இருக்கலாம்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தர் திக்கும்போது நான் வார்த்தையை முடிச்சுக் கொடுக்கலாமா?

அவரையே கேளுங்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள். 'மெதுவாப் பேசுங்க' என்பதும் வேண்டாம்.