ஜப்பானில் இணையத் தோழி வீட்டுக்கு முதல் தடவை: சாப்பாட்டைப் பற்றி இப்போதே பேசுங்கள்

கேள்வி: மொழி பழகும் செயலி மூலம் இரண்டு வருடமாகப் பழக்கமான ஜப்பானியத் தோழி, நவம்பரில் நான் டோக்கியோ வரும்போது அதை ஒட்டிய சைத்தாமாவில் உள்ள தன் பெற்றோர் வீட்டில் இரண்டு இரவு தங்கச் சொல்கிறாள். நேரில் பார்த்ததில்லை. நான் சைவம். போகலாமா? என்ன வாங்கிப் போவது, எப்படி நடந்துகொள்வது? (கோவை வாசகி)

பதில்: போகலாம். அதற்கு முன் ஒரு வீடியோ அழைப்பில் தோழியின் அம்மாவோ அப்பாவோ முகம் காட்டிப் பேசட்டும். முழுப் பெயர், விலாசம், பக்கத்து ரயில் நிலையம் எல்லாம் எழுத்தில் வேண்டும். செயலியில் இருப்பது புனைபெயராகக் கூட இருக்கலாம். வீட்டு வாசல் பலகையில் குடும்பப் பெயர்தான் இருக்கும். உங்களை எப்படிப் பழக்கம் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு டோக்கியோவில் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். ரத்து செய்யக்கூடிய விடுதி அறை ஒன்று கையில் இருப்பது நல்லது. வீடியோவில் வரத் தயங்கினாலோ, பணம் கேட்டாலோ, போய்ச் சேர்ந்ததும் 'அப்பா அம்மா ஊரில் இல்லை' என்றாலோ விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. பாஸ்போர்ட்டை எப்போதும் உங்களிடமே வைத்திருங்கள். வெளிநாட்டுப் பயணிகள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். விமான நிலையத்தில் தங்குமிட விலாசம் கேட்பார்கள், தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. பெரும்பாலும் இங்கேதான் சிக்கல் வருகிறது. 'வெஜிடேரியன்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்னும் சாறு. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவுவார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். அந்தச் சீவலைக் கொதிநீரில் போட்டு வடித்தால் தாஷி. மீன் துண்டு கண்ணில் படாததால், சமைப்பவருக்கே அதை மீன் என்று எண்ணத் தோன்றாது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி, டெம்புராவுக்கு (மாவில் தோய்த்துப் பொரிக்கும் பஜ்ஜி போன்றது) தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். டோஃபு மேலேயும் சீவலைத் தூவிவிடுவார்கள்.

இன்னொன்று: இந்தியாவிலிருந்து வருகிறீர்கள் என்று அன்போடு 'கர்ரி' குழம்பு செய்ய நினைப்பார்கள். கடைகளில் அதற்கென விற்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். உள்ளே உருளைக்கிழங்கும் காரட்டும் மட்டும் போட்டாலும் அது சைவம் ஆகாது.

அதனால் இரண்டு வாரம் முன்பே தோழிக்கு இப்படி எழுதுங்கள்: இறைச்சி, மீன், மீன் தாஷி வேண்டாம்; கொம்பு என்னும் கடற்பாசி அல்லது ஷீத்தாக்கே காளான் தாஷி சரி. முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். கூடவே சாப்பிடக்கூடியதையும் எழுதினால்தான் சமைப்பவருக்கு நிம்மதி: சோறு, வெள்ளரிக்காய் சுஷி, எதமாமே (வேகவைத்த பச்சை சோயா காய்), சோயா சாஸ் மட்டும் ஊற்றிய டோஃபு, உப்பு தொட்டுச் சாப்பிடும் காய்கறி டெம்புரா. மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் அந்த அம்மா தவித்துப்போவார். முன்பே சொன்னால் எவ்வளவு சிரமமும் எடுத்துக்கொள்வார்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை அது. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள்.

பரிசு சுமார் 3,000 யென் மதிப்பில் போதும். விலை கூடினால் பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் சங்கடப்படுவார்கள். நீலகிரித் தேயிலை நல்லது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்றால் நிலக்கடலை ஒவ்வாமை யாருக்கும் உண்டா என்று முதலில் கேளுங்கள். தனித்தனியாகச் சுற்றியதாக வாங்குங்கள். எண்ணிக்கை 4, 9 வேண்டாம். ஜப்பானிய மொழியில் 4 என்பதன் ஒலி சாவையும் 9 வேதனையையும் குறிக்கும். மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத் தாவர ஆய்வில் பிடித்துவைப்பார்கள். வாசலில் நீட்டாமல், உள்ளே உட்கார்ந்தபின் பையிலிருந்து எடுத்து இரு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால் வருந்த வேண்டாம்.

சொன்ன நேரத்துக்கோ ஓரிரு நிமிடம் தாமதித்தோ போங்கள். முன்கூட்டியே போய் நின்றால் வீட்டார் தயாராக இருக்கமாட்டார்கள். 'ஒஜாம ஷிமாஸ்' (தொந்தரவு தருகிறேன்) என்று சொல்லி நுழையுங்கள். வாசலை ஒட்டிய தாழ்வான தரையில் செருப்பைக் கழற்றி, அந்தத் தரையில் கால் படாமல் நேரே மேல்தளத்தில் ஏறி, திரும்பிக் குனிந்து செருப்பின் முனையை வாசல் பக்கம் திருப்பி வையுங்கள். நம் வீடுபோல வெறுங்கால் அங்கே வழக்கமில்லை. சுத்தமான சாக்ஸ் அவசியம். தாழ்வாரத்தில் வீட்டுச் செருப்பு. டடாமி பாய் விரித்த அறைக்குள் அதுவும் கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு இருந்தால் வெளியே வரும்போது அங்கேயே விடுங்கள். அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வருவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு.

குளியலறையில் தொட்டி நீர் உடம்பைத் தேய்த்துக் கழுவுவதற்கு அல்ல. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டு நன்றாகக் கழுவி முடித்தபின்தான் தொட்டியில் இறங்க வேண்டும். நீர் சுமார் 40 டிகிரி சூட்டில் இருக்கும். கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், தொட்டி நீரில் துண்டை நனைக்காதீர்கள். விருந்தாளியை முதலில் அனுப்புவார்கள். உங்களுக்குப் பிறகு அதே நீரில் வீடே இறங்கும். அதனால் அடைப்பானைப் பிடுங்காதீர்கள், மூடியை மூடிவிட்டு வாருங்கள்.

தோழியின் அம்மாவை 'ஒகாசான்' (அம்மா) என்று கூப்பிடலாம். பாத்திரம் கழுவ உதவி கேளுங்கள். இரண்டு தடவை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது நீங்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பார்கள். அங்கே ஒரு முறை திரும்பித் தலை வணங்குங்கள். ரயில் ஏறியதும் தோழிக்கு ஒரு நன்றிச் செய்தி, கோவை வந்து சேர்ந்ததும் குடும்பத்தோடு எடுத்த படத்துடன் இன்னொன்று.