வாளியை உதைத்தானா, மண்டையைப் போட்டானா?

ஆங்கிலத் தொடர் நேர்ப்பொருளில் வந்திருக்கிறதா, உருவகமாக வந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். சொற்களின் அகராதிப் பொருள் அந்த இடத்துக்குப் பொருந்தாவிட்டால், மரபுத்தொடரோ என்று ஐயுறுங்கள். 'ஹி கிக்ட் த பக்கெட்' என்பது வாளியை உதைத்ததையும் குறிக்கலாம், பேச்சுவழக்கில் 'மண்டையைப் போட்டான்' என்பதையும் குறிக்கலாம். ஆனால் அதையே செயப்பாட்டு வினையாக்கி 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால், இறப்புப் பொருள் மறைந்து வாளி மட்டுமே மிஞ்சும். எல்லாத் தொடர்களும் இவ்வளவு இறுகியவை அல்ல: பனிக்கட்டியை உடைப்பதைச் சொல்லும் 'பிரேக் த ஐஸ்' என்பதை 'த ஐஸ் வாஸ் புரோக்கன்' என்று மாற்றிய பின்னும், புதியவர்களிடையே இருந்த தயக்கம் நீங்கியது என்ற பொருள் நிற்கும். 'கிராஸ்ப்' (பற்றுதல்) போன்ற தனிச்சொற்களில் உருவகம் பழகித் தேய்ந்துவிட்டது. பற்றுவது கயிறா கருத்தா என்று பார்த்தால் போதும். 'லிட்டரலி' ('சொன்ன சொல்லின்படியே') என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். நேர்ப்பொருளுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய அதுவே, 18ஆம் நூற்றாண்டிலிருந்து மிகைப்படுத்திச் சொல்லவும் பயன்பட்டுவருகிறது.