குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்கிறார்களே, உண்மையா? வேலை இழந்தவர்களுக்கு அரசு பணம் தர வேண்டுமா?

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம்தான். வேலை இல்லாத ஒரு மாதத்தை ஓட்ட வழி இல்லாதவரால் சட்டப்படியான கூலியைக் கேட்டு வாங்க முடியாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்குள்ள துரித உணவகங்களைப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரேயடியாக ஏற்றினால் சின்ன யூனிட் தாங்காது என்பதும் சரிதான். ஆனால் நம் ஊரில் கதை அந்த உயரத்துக்கே போகவில்லை. தையல் தொழிலுக்கான கூலியைத் தமிழக அரசு பத்தாண்டுக்கு மேல் கழித்து 2014-இல் உயர்த்தியதற்கே முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்றது.

"அவங்களே ஒத்துக்கிட்டுத்தானே வர்றாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. வறுமையும் பசியும் தள்ளித்தான் ஒருவர் அந்தக் கூலிக்கு வருகிறார், அதுவும் கட்டாயமே என்பது தீர்ப்பின் நியாயம்.

பசி தள்ளுவதை 2025-இல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குத் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. அவரை யாரும் நீக்கவில்லை. "ஆர்டர் வந்தாக் கூப்பிடறோம்" என்றார்கள், அவ்வளவுதான். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில் 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் இருக்கிறது. வேலை போனால் சராசரி ஊதியத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ-க்குப் பிடித்தம் போகிற அந்த அக்காவுக்குத் திட்டத்தின் பெயரே தெரியாது. சொன்னதும், "என்னைத்தான் நிறுத்தலையே, எப்படிக் கேக்கறது?" என்றார். சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் மளிகைக் கடைப் பாக்கி தீரும். கொஞ்ச நாளில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். ஒரு ஷிப்ட்டுக்குக் கூலி முன்பைவிடக் குறைவு, இஎஸ்ஐ, பிஎஃப் எதுவும் கிடையாது. அங்கே போய் எந்தத் தைரியத்தில் குறைந்தபட்சக் கூலி அரசாணையைக் காட்டி ரேட் பேசுவார்?

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் இவருக்கு உதவாது. அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருப்பவர்களுக்கானது. பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய்தான்.

ஆகவே கூலியை உயர்த்தத்தான் வேண்டும், அதோடு வேலை நின்ற நாளுக்கும் பணம் வர வேண்டும். புதிதாக ஒரு அலுவலகம் கூடத் தேவையில்லை. யாருக்கு எத்தனை நாள் சம்பளம் என்று இஎஸ்ஐ தளத்தில் கம்பெனிதான் மாதாமாதம் ஏற்றுகிறது, நானே ஏற்றுகிறேன். 26 நாள் வந்தவருக்குத் திடீரென்று பூஜ்யம் விழுந்தால் அந்தப் பதிவே சாட்சி. நீக்கினார்களா, காத்திருக்கச் சொன்னார்களா என்று கேட்காமல், அதை வைத்தே பாதிச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடலாம். ஏமாற்றுபவர்கள் சிலர் வரலாம், தணிக்கையில் பிடிக்கட்டும். அதைக் காரணம் காட்டி எல்லோரையும் பட்டினி போட முடியாது.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது இஎஸ்ஐ பிடித்தம் இருந்து வேலை போயிருந்தால், 30 நாள் ஆனதும் கிளை அலுவலகத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை என்று 2020-இல் மாற்றிவிட்டார்கள்.