அலுமினியக் கேனுக்கு அச்சா, ஸ்லீவா?

கேள்வி: நன்னாரி எலுமிச்சைப் பானத்தை 250 மி.லி. அலுமினியக் கேனில் விற்கவுள்ளோம். அச்சிட்ட கேன் வேண்டுமானால் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதால், வெற்றுக் கேன் வாங்கி, முழு உயரத்துக்கும், சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ் போடச் சொல்கிறார்கள். மறுசுழற்சிக்கு இது இடையூறாகுமா? இதே பானத்தின் பொடியை அலுமினியப் பையில் அடைக்கலாமா?

பதில்: ஸ்லீவைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதமே பழைய கேனை உருக்கப் போதும். பழைய இரும்புக் கடையில் கேனுக்கு மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மதிப்பை ஸ்லீவ் குறைத்துவிடுகிறது.

உலைக்கு அனுப்புமுன் கேன்களைத் துண்டாக்கி, சுமார் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி மேற்பூச்சை நீக்குவார்கள். அச்சு மையும் உட்பூச்சும் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே என்பதால் அந்தக் கட்டத்திலேயே போய்விடும். ஆனால், ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமனே உள்ள கேன் சுவரின்மேல் 40, 50 மைக்ரான் பிளாஸ்டிக்கைச் சுற்றினால், எரிக்க வேண்டிய பொருள் பல மடங்காகிப் புகை கூடுவதுடன், உலோகத்திலும் ஒரு பகுதி கசடாக வீணாகிறது. பிவிசி ஸ்லீவ் என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வெளிவரும். எடை போட்டு வாங்கும் கடைக்காரர் பிளாஸ்டிக்குக்கும் சேர்த்து அலுமினிய விலை தரமாட்டார். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அகச்சிவப்புக் கதிரால் பொருளை இனங்காணும் இயந்திரம், முழுதும் மூடிய கேனைப் பிளாஸ்டிக் என்றே கருதி ஒதுக்கிவிடலாம்.

எனவே, கேன்மீதே டிஜிட்டல் முறையில் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுத் தருவோரை முதலில் தேடுங்கள். ஒரு கேனுக்கான செலவு கூடினாலும் அதுவே சரியான வழி. அது கட்டுப்படியாகாவிட்டால், கேனின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் சிறு லேபிள் போதும். ஸ்லீவ்தான் என்றாகிவிட்டால், பிவிசி அல்லாததாக, மேலிருந்து கீழாகத் துளைக்கோடு இட்டு ஒரே இழுப்பில் உரியும்படி கேட்டு வாங்குங்கள். குடித்தபின் எத்தனை பேர் உரிப்பார்கள் என்பது வேறு விஷயம். நான் அதை நம்பித் திட்டமிட மாட்டேன்.

மூடியைப் பொறுத்தவரை வழக்கமான அலுமினிய மூடியே போதும். தூசு படியாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் தொப்பி வேண்டாம். எலுமிச்சையின் புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், உட்பூச்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பொடிக்கான 'அலுமினியப் பை' பெரும்பகுதி பிளாஸ்டிக்கே. இரு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே சில மைக்ரான் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். பிளாஸ்டிக் உறைக் கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் இந்தியாவின் 2022 விதிகளும் இதைப் பல அடுக்குப் பிளாஸ்டிக் உறையாகவே வகைப்படுத்துகின்றன. சில வாரங்களில் விற்றுவிடும் பொடிக்கு ஒரே வகைப் பாலிஎத்திலீன் பை போதுமா என்று சோதித்துப் பாருங்கள். நீண்ட நாள் ஈரம் புகாமலிருக்க அலுமினிய அடுக்கு அவசியமானால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால், கேனில் அச்சிடும் மறுசுழற்சிக் குறியை அந்தப் பையில் அச்சிடாதீர்கள்.