ஆக்கள் குவியினமாம், ஓடரைக் காணேல்லை

கேள்வி: வணக்கம் அண்ணை. வீட்டில இருந்துகொண்டு பனங்கட்டி, புளுக்கொடியல், கறித்தூள், மோர்மிளகாய் எண்டு சின்னதா ஒரு ஒன்லைன் கடை நடத்திறன். வூகொமர்ஸ் எண்ட ஒன்லைன் கடை மென்பொருளில செய்த சைற், வாங்கிறவை கூடுதலா கொழும்பு, கனடா, லண்டன் ஆக்கள். கொஞ்ச நாளா, சைற்றுக்கு வாறவையைக் கணக்கெடுக்கிற கூகிள் அனலிற்றிக்ஸ்ல பாத்தால் ஆக்கள் பல மடங்கு கூடியிருக்கினம், சிங்கப்பூர், சீனாவில லான்ஜோ, அமெரிக்காவில ஆஷ்பேர்ன் எண்டு ஊர்ப்பேர் காட்டுது, ஓடர் மட்டும் பழைய அளவுதான், சைற்றும் சரியான ஸ்லோ. விளம்பரம் செய்து தாறவர் தன்ர வேலையாலதான் இவ்வளவு பேரும் வருகினம் எண்டுறார், ஹோஸ்ரிங்காரர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்லினம். அந்த நாடுகளைப் பூட்டி விடட்டோ?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் ஒரு சதமும் கூடக் குடுக்காதேங்கோ. வந்தது ஆக்கள் இல்லை, பொட், அதாவது தானா ஓடி சைற்றுகளைத் திறக்கிற புரோகிராம். ஆஷ்பேர்ன் எண்டுறது வேர்ஜீனியாவில டேட்டா சென்ரர் நிறைஞ்ச இடம், அங்க இருந்து உங்கட கடைக்கு வாறது அநேகமா சேர்வரில ஓடுற ஒரு புரோகிராம்தான். லான்ஜோவும் சிங்கப்பூரும் உங்களுக்கு மட்டும் வந்த வருத்தமில்லை, 2025 கடைசிப்பக்கம் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன சைற் வச்சிருந்த கனபேர் தங்கட ரிப்போட்டில இதே ரெண்டு ஊர்ப்பேரைக் கண்டு குழம்பினவை. இம்பேர்வா எண்ட செக்கியூரிட்டி கொம்பனி 2025இல விட்ட அறிக்கையில, 2024இல இன்ரநெற் ட்ராஃபிக்கில 51 சதவீதம் பொட் செய்தது எண்டு சொல்லியிருக்கினம்.

நீங்களே பாக்கலாம். அந்த ஊர்களை மட்டும் பிரிச்செடுத்து எவ்வளவு நேரம் நிண்டவை எண்டு பாருங்கோ, ஒரு செக்கன் கூட இராது, ஒரு பக்கத்தோட போயிருப்பினம், எல்லாம் டிரெக்ட், அதாவது எந்த இணைப்பால வந்ததெண்டு தெரியாத கணக்கில விழுந்திருக்கும். விளம்பரக்காரர் தன்ர இணைப்பில, எந்த விளம்பரத்தால வந்ததெண்டு காட்டுற யூடிஎம் அடையாளம் போட்டிருந்தால் அவரால வந்தவை டிரெக்டில விழாயினம், அவற்ற அடையாளத்தோட வந்து வாங்கினவை எத்தினை பேர் எண்டு அவரிட்டயே கேளுங்கோ.

அடுத்தது ஹோஸ்ரிங்காரரிட்ட அக்சஸ் லொக்கை, அதாவது சேர்வருக்கு எப்ப என்ன வந்ததெண்ட பதிவை வாங்குங்கோ, இதுதான் முக்கியம். அனலிற்றிக்ஸ் ஆக்களைக் காட்டின அதே மணித்தியாலத்தில லொக்கில ஒண்டுமில்லை எண்டால் ஒருத்தரும் உங்கட சைற்றுக்கே வரேல்லை, உங்கட சைற்றுக்கெண்டு அனலிற்றிக்ஸ் தந்த நம்பருக்கு ஆரோ பொய்த் தரவை நேர அனுப்பியிருக்கினம், அதுக்குப் பெரிய பிளான் எதுக்கு? லொக்கில இருக்குதெண்டால் எந்தப் பக்கத்தைத் தட்டுது எண்டு பாருங்கோ. வூகொமர்ஸ்ல கூடைக்குள்ள சாமான் போடுற இணைப்பை பொட் திருப்பித் திருப்பித் திறக்கும், ஒவ்வொரு தரமும் சேர்வர் புதுசா ஒரு கூடை திறந்து டேட்டாபேஸ்ல எழுதும், சைற் இழுபடுறதுக்கு இதே காணும். லொகின் பக்கத்தில பாஸ்வேர்ட் போட்டுப் போட்டுப் பாக்கிறதும் இருக்கும்.

நாட்டைப் பூட்டாதேங்கோ. சிங்கப்பூரிலயும் எங்கட சனம் இருக்குது, விபிஎன் போட்டு வேற நாட்டில இருந்து வாற மாதிரித் தெரியிறவையும் இருக்கினம். இன்ரநெற் இணைப்பின்ர விலாசமான ஐபி நம்பரைப் பாத்துப் பூட்டுறது அதிலும் மோசம், மொபைல் நெற்வேர்க்கில கன போன் ஒரே ஐபிக்குப் பின்னால நிக்கும், ஒண்டைப் பூட்டினால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருக்கிற உண்மையான வாடிக்கைக்காரரும் உள்ள வரேலாது. பூட்டாமல் சோதிச்சு விடுங்கோ. சைற்றுக்கு முன்னால நிண்டு வாறதைச் சோதிக்கிற கிளவுட்ஃபிளேயர் எண்ட சேவையின்ர இலவசப் பிளானே காணும், சந்தேகமான ஊர்களுக்கும் கூடை இணைப்புக்கும் வாறது ஆளோ பொட்டோ எண்டு சோதிக்கிற மனேஜ்ட் சலேஞ்ச் எண்ட விதியைப் போடுங்கோ, லொகினுக்கும் காசு கட்டுற செக்கவுட் பக்கத்துக்கும் அதே கொம்பனியின்ர டர்ன்ஸ்டைல் எண்ட ஆள்சோதனைப் பெட்டியைப் போடுங்கோ, அதுவும் இலவசம்.

ஒரு இடத்தில கவனம். அதே பிளானில பொட்டை மறிக்க பொட் ஃபைற் மோட் எண்டு ஒரு சுவிட்ச் இருக்குது, அதைப் போட்டால் உங்கட விதிகளால அதுக்கு விலக்குக் குடுக்கேலாது. காசு கட்டுப்பட்டிட்டுது எண்டு பேமன்ற் கொம்பனி உங்கட சைற்றுக்கு அனுப்புற செய்தியும் ஒரு மெஷின்தானே, அதையும் அது மறிச்சால் ஆள் காசு கட்டியிருக்கும், ஓடர் காசு வரேல்லை எண்டபடி கிடக்கும். ஸ்காபரோவில இருந்து அம்மாவுக்கெண்டு காசு கட்டினவரை இப்பிடி அலைய விடக்கூடாது. சுவிட்சைப் போட்ட உடன ஒரு ஓடர் செய்து பாருங்கோ, சிக்கினால் கழட்டிப்போட்டு விதிகளை மட்டும் வச்சிருங்கோ.

கூகிள் பொட்டையும், பேஸ்புக், வட்ஸ்அப்பில இணைப்புப் போடேக்க படம் எடுக்க வாற பொட்டையும் மறிக்காதேங்கோ. பொட்டுகளுக்கு எங்க வரக்கூடாதெண்டு சொல்லுற ரோபோட்ஸ் கோப்பில எழுதி வச்சால் காணாதோ எண்டு சிலர் கேப்பினம், 1994இல இருந்து இருக்கிற அந்த முறையை மதிக்கிறது நல்ல பொட் மட்டும்தான்.

இனி அந்தத் தலைக்கணக்கை வச்சு ஒரு முடிவும் எடுக்காதேங்கோ, அதை நம்பி நல்லூர்த் திருவிழாவுக்கு மோர்மிளகாயைக் கூடப் போட்டு வச்சிடாதேங்கோ. முடிஞ்ச ஓடர், வட்ஸ்அப்பில விலை கேட்டவை, திரும்ப வந்து வாங்கினவை, இதுகளைக் கொப்பியில எழுதுங்கோ.

கேள்வி: ஒரே ராவில என்ர கடையில சின்னத் தொகை ஓடர் கனக்க, எல்லாம் வேற வேற காட், கூட ஃபெயில், ரெண்டு மூண்டு மட்டும் சரி. சரியானதை அனுப்பட்டோ?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: அனுப்பாதேங்கோ தம்பி, இது மேல சொன்னதைவிட அவசரம். களவெடுத்த காட் வேலை செய்யுதோ எண்டு உங்கட கடையில வச்சுப் பரிசோதிக்கிறாங்கள். சரிவந்த காசை இண்டைக்கே திருப்பிக் குடுங்கோ, இல்லாட்டி காட்டின்ர சொந்தக்காரர் பாங்கில முறையிட, காசும் போய் அதுக்கு மேல கட்டணமும் உங்கட தலையில விழலாம். பேமன்ற் கொம்பனிக்கு உடன போன் எடுத்துச் சொல்லி, போனுக்கு வாற ஒருதர நம்பரை (ஓரிபி) கேக்கிற 3டி செக்கியூர் எண்ட காட் பாதுகாப்பைப் போடச் சொல்லுங்கோ, செக்கவுட்டில டர்ன்ஸ்டைல் போடுங்கோ, லொகின் இல்லாமல் வாங்கிறதைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்கோ.

கேள்வி: கொஞ்சக் காசுக்கு பத்தாயிரம் விசிற்றர் தாறம் எண்டு ஒருத்தர் மெசேஜ் போடுறார். எடுக்கலாமோ?
- வாசகி, நெல்லியடி

பதில்: வேண்டாம் பிள்ளை. அவர் விக்கிறதும் இதே பொட்தான். உங்கட சைற்றில, வாறவையைக் கவனிச்சு பேஸ்புக்குக்குச் சொல்லுற பேஸ்புக் பிக்சல் இருந்தால் அது அந்தப் பொய் ஆக்களையும் உங்கட வாடிக்கையெண்டு நினைச்சு அதே மாதிரி ஆக்களைத் தேடப் போகும், பிறகு விளம்பரத்துக்குக் கட்டுற நல்ல காசும் வீணாப் போகும்.