ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை: ஆசிட்டை எங்கே வைப்பது?

கேள்வி: அருமனை பக்கம் எங்களுக்கு 80 சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. பால் வெட்டும் நாளில், பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஆறேழு ஷீட் அடிப்போம். ஆசிட்டைக் கடையிலிருந்து பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வாங்கி வருகிறோம். அது ஷீட் அடிக்கும் புரையில் (கொட்டகையில்), பாலை உறைய ஊற்றும் தட்டான டிஷ் பக்கத்தில் இருக்கும். மகளின் பிள்ளைக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறான். ஆசிட்டை எப்படிப் பத்திரப்படுத்துவது? ஒருவேளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்கிறார்கள், சிலர் முட்டை வெள்ளைக்கரு என்கிறார்கள். எது சரி? மண்ணெண்ணெய் குடித்தால் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். ஆசிட்டோ மண்ணெண்ணெயோ, இரண்டுக்குமே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். முட்டையும் தேங்காய் எண்ணெயும்கூட வேண்டாம். ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மாமி டம்ளரோடு ஓடி வரும்போது காரணம் தெரிந்தவருக்குத்தான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரும்.

நீங்கள் வாங்குவது ஃபார்மிக் ஆசிட். கடையில் பெரும்பாலும் 85 சதவீத அடர்த்தியில் கிடைக்கும். பார்க்கத் தண்ணீர்தான், நெடி காட்டிக்கொடுக்கும், ஆனால் குழந்தைக்கு அந்த நெடியின் அர்த்தம் தெரியாது. அந்த வயதில் ஒரு மடக்கு என்பது சுமார் 5 மில்லி, ஒரு டீஸ்பூன் அளவு. உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோக அதுவே போதும். உள்ளே போகும்போது ஒருமுறை சுட்டது, வாந்தியாகத் திரும்பி வரும்போது அதே வழியை இரண்டாம் முறை சுடும். போதாததற்குக் குரல்வளைக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் சிதறும். உப்புத் தண்ணீருக்குத் தனியாக ஒரு ஆபத்து உண்டு: ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைத் தாக்கும். சின்னப் பிள்ளைகள் அதனாலேயே இறந்ததுண்டு.

‘ஆசிட்டை முறிக்க’ சோடா உப்பு, சுண்ணாம்புத் தெளிவு கொடுப்பதும் தவறு. இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். சோடா உப்பென்றால் வாயுவும் உண்டாகி, வெந்துபோன இரைப்பையை உப்ப வைக்கும். முட்டை வெள்ளைக்கருவும் பாலும் வயிற்றை நிரப்பி வாந்தியைக் கூட்டும். பிறகு மருத்துவர் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும்போது புண்ணை மறைக்கவும் செய்யும்.

அப்படியானால் என்ன செய்வது? பாட்டிலைப் பிடுங்கி எறியாமல் மூடி வையுங்கள், அது பிறகு வேண்டும். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, தலையை முன்பக்கம் சாய்த்து, சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து உதடு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடையுங்கள். துணியை அலசி அலசி நாலைந்து முறை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கத் தெரியாது. மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில்தான் போகும். மருத்துவர் சொல்லும்வரை வாய்வழியாக வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்து உடுப்பு. சட்டையில் சிந்தியிருந்தால் கழற்றிவிட்டு, பட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கிணற்றில் கோரி ஊற்றி 20 நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. டேங்க் குழாயில் மாட்டிய டியூப்தான் சரி. கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி 20 நிமிடம் விடுங்கள். திசை மாறினால் ஒரு கண்ணில் இருந்தது மறு கண்ணுக்குப் போகும். மஞ்சள், பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஆனால் விழுங்கியும் இருக்கிறான், மூச்சும் இழுக்கிறது என்றால் 20 நிமிடம் கணக்குப் பார்த்து வீட்டில் நிற்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.

இதற்கிடையே வீட்டில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. 24 மணி நேரமும் உண்டு. வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் வெறுமனே ‘ஆசிட் குடிச்சிட்டான்’ என்று சொல்லாதீர்கள். வெளியூரிலிருந்து வந்த டாக்டர் என்றால் கக்கூஸ் கழுவும் ஆசிட் என்றுதான் நினைப்பார். ‘ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஃபார்மிக் ஆசிட், 85 சதவீதம், தண்ணீர் கலக்காதது’ என்று சொல்லுங்கள். வித்தியாசம் பெரியது. ஃபார்மிக் ஆசிட் வாயையும் வயிற்றையும் சுடுவதோடு நிற்காது. ரத்தத்தில் கலந்து அமிலத்தன்மையை ஏற்றும், சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் சிவப்பாகவோ, பால் விடாத கட்டங்காப்பி நிறத்திலோ போனால் அது சிவப்பணு உடைந்ததன் அடையாளம். உடனே நர்ஸிடம் காட்டுங்கள். பாட்டிலை மூடி ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது, பிள்ளையின் எடை எவ்வளவு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பதற்றத்தில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

எங்கே போவது? நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு வண்டியை விடும் பழக்கம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு அது சரியாக இருக்கலாம், ஆனால் முதல் நிறுத்தம் அதுவாக இருக்கக் கூடாது. தொண்டை வீங்கினால் நடுவழியில் மூச்சு அடைக்கும். குழித்துறை அரசு மருத்துவமனையோ வேறு எதுவோ, பக்கத்தில் அவசர சிகிச்சை உள்ள இடத்தில் மூச்சுப்பாதையைப் பார்த்து, ஊசி வழியாகத் திரவம் ஏற்றிய பிறகு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியா திருவனந்தபுரமா என்பதை அந்த மருத்துவர் முடிவு செய்யட்டும். எச்சில் ஒழுகிக்கொண்டே இருப்பது, விழுங்க மறுப்பது, அழுகைக் குரல் கம்மிப்போவது, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருவது எல்லாம் தாமதிக்கவே கூடாத அறிகுறிகள். போகும்போது உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்; தானாக வாந்தி எடுத்தால் இடப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வாயைத் திறந்து பார்த்து, ‘உள்ளே ஒரு புண்ணும் இல்லை, துப்பிட்டான் போல’ என்று திரும்பிவிடுவார்கள். வாயில் புண் இல்லாமலே உணவுக்குழாயில் புண் இருக்கலாம். அதனால்தான் தேவைப்பட்டால் முதல் 24 மணி நேரத்துக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். காயம் ஆழமாக இருந்தால், ஆறும்போது தழும்பு இறுகிக் குழாய் சுருங்கும். அது மூன்று வாரத்துக்குப் பிறகு மெல்லத் தெரியவரும்: கஞ்சி இறங்கும், இட்லி இறங்காது. டிஸ்சார்ஜ் ஆகி நன்றாக ஓடியாடும் பிள்ளை திடீரென்று சோற்றைத் துப்ப ஆரம்பித்தால் அதை வீம்பு என்று நினைத்து அடிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் பாலுக்கு அம்மோனியா ஊற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதற்கும் இதே முதலுதவிதான். அது காரம், திசுவைக் கரைத்துக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கும்.

மண்ணெண்ணெய் கதை வேறு. வள்ளத்து எஞ்சினுக்காகக் கன்னாஸ் கன்னாஸாக (கேன் கேனாக) வைத்திருக்கும் முட்டம், குளச்சல், தூத்தூர் பக்கத்து வீடுகளும் இதைக் கவனிக்கலாம். மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதால் பெரிய கெடுதல் இல்லை. நுரையீரலுக்குள் ஒரு மில்லிக்கும் குறைவாகப் போனால்கூட நிமோனியா வரும். விழுங்கும்போது புரையேறினாலே கொஞ்சம் போயிருக்கும். வாந்தி எடுத்தால் இன்னும் போகும். தேங்காய் எண்ணெயும் பாலும் குமட்டலை உண்டாக்கி அந்த வாந்தியைத்தான் வரவழைக்கின்றன. நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் குறைந்தது 6 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் சேர்த்துவிடுவார்கள். மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 1 முதல் 5 வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்வி. உங்கள் கடிதத்திலேயே பெரிய தவறு இருக்கிறது: தண்ணீர் பாட்டில். குழந்தை மட்டுமல்ல, வெயிலில் வேலை முடிந்து தாகத்தோடு வரும் பெரியவரும் அதை எடுத்து வாயில் ஊற்றியதுண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்த வடிவமே ‘குடிப்பது’ என்பதற்கான அடையாளம். கடைக்குப் போகும்போதே ஆசிட்டுக்கென்று கெட்டிப் பிளாஸ்டிக் கன்னாஸ் ஒன்றைக் கொண்டுபோங்கள், வெள்ளை நிறம் வேண்டாம். பெயின்டில் ‘ஆசிட்’ என்று பெரிதாக எழுதி மண்டையோடு வரைந்துவிடுங்கள். இது பெரியவர்களுக்காக, மண்டையோடு குழந்தையைப் பயமுறுத்தும் என்று நம்பாதீர்கள்.

உயரத்தில் வைத்தால் போதும் என்பதும் சரியல்ல. ஸ்டூல் போட்டு ஏறும் வயது வந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து இழுக்கும் பாட்டில் முகத்தில்தான் கவிழும், கண் போய்விடும். பூட்டுதான் வேண்டும். இரும்பு அலமாரி ஆகாது, ஆசிட் ஆவியில் கொண்டி நாளடைவில் துருவேறிக் கழன்றுவிடும். புரையின் மூலையில், காற்றுப் புகும் இடத்தில், தரையோடு பதித்த மரப்பெட்டி போதும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இதைவிட முக்கியம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரையான நேரம். பால் எடுத்து வந்து அரித்து, டிஷ்களை வரிசையாக வைத்து, ஆசிட் கலக்கும் நேரம் அது. பெரியவர்களின் கை முழுக்கப் பால். பிள்ளையோ சாப்பிட்டு முடித்து முழு விழிப்பில். பாட்டில் மூடி திறந்து தரையில் இருப்பது அப்போதுதான். ஷீட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய அரை சதவீதக் கலவை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. ஆகவே கன்னாஸைப் புரையின் நடுவுக்குக் கொண்டுவரத் தேவையே இல்லை. பெட்டி பக்கத்திலேயே, முதலில் வாளியில் தண்ணீர் வைத்து, அதில் ஆசிட்டை அளந்து ஊற்றுங்கள்; ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். மூடிப் பூட்டிவிட்டு வாளியை மட்டும் டிஷ் பக்கம் எடுத்துப் போங்கள். அரை சதவீதக் கலவை சுத்தமான ஆசிட்டைப் போல வேகவைக்காது, ஆனால் கண்ணில் பட்டால் கழுவத்தான் வேண்டும். புரை வாசலில் முழங்காலுக்கு மேல் உயரமாக ஒரு தட்டி அடித்து, ஷீட் வேலை முடியும்வரை பிள்ளை வீட்டுப் பக்கமே இருக்கட்டும்.

அளக்கும் டம்ளர் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. விளிம்பில் ஒரு ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். இப்போது உங்களிடம் உள்ள பழைய பாட்டில்களைக் காலி செய்து, நிறையத் தண்ணீரில் மூன்று முறை அலசி, அடியில் கத்தியால் குத்திக் கிழித்துவிட்டு, பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடம் போடுங்கள். முழுசாகப் போட்டால் அது இன்னொரு வீட்டில் பால் வாங்கப் போகும்.