பைக் சைடு பாக்ஸ் மூடியில் லக்கேஜ் ரெயிலை நாமே பொருத்தலாமா? துளை போட்டால் பெட்டி தாங்குமா?

தாராளமாகப் பொருத்தலாம். என் வண்டிக்கு இரண்டு முறை போட்டாயிற்று. முதல் முறை பட்டறையில் பொருத்திக் கொடுத்தார்கள், மூடி உடைந்தது. இரண்டாவது முறை நானே போட்டது மூன்று மழைக்காலம் தாண்டி அசையாமல் நிற்கிறது. இடையில் நான் மாற்றியது என்ன என்று சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து மனைவியோடு ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போய்வருகிறோம், துணிமணி பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது, ரெயின்கோட், பாய், போர்வைக்குத்தான் இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். ரெயில் போடச் சரியான காரணம்தான். ரெயில் என்பது மூடியின்மேல் சாமான் கட்ட வைக்கும் வளைந்த பைப், இலேசான, பருமனான சாமான்களுக்கு. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

என் வண்டி 2016 புல்லட் 350. இரண்டு பக்கமும் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி. சத்துவாச்சாரி பக்கம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட் செய்யும் ஒரு பட்டறையில் பைப்பை வளைத்துக் கொடுத்து, அங்கேயே மூடிக்கு நாலு துளை போட்டு, சாதா வாசர் வைத்து முறுக்கியும் கொடுத்தார்கள். பார்க்க ஜோராக இருந்தது. அந்த ஆனி மாதம் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போனோம். மலையில் பலாப்பழ சீசன். ஏழெட்டுக் கிலோ இருக்கும் ஒரு பழத்தைச் சாக்கில் சுற்றி, ஹூக் வைத்த ரப்பர் கயிறால் இடது ரெயில்மேல் கட்டினேன். மலை இறங்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. கண்ணமங்கலம் வருவதற்கு முன்னால் ஒரு வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம். "ஏங்க, பெட்டி ஆடுதுங்க" என்றாள் மனைவி.

இறங்கிப் பார்த்தால், பின்பக்கத் துளையில் வாசர் மூடிக்குள் பாதி புதைந்திருக்கிறது. அந்தத் துளையிலிருந்து இரண்டு விரிசல். ஒன்று கீல் வரைக்கும் ஓடியிருந்தது. வண்டி குதித்து விழும்போது எட்டுக் கிலோ எட்டுக் கிலோவாக இருக்காது, இரண்டு மூன்று மடங்காக இழுக்கும். அந்த இழுவை மொத்தத்தையும் காசளவு வாசர் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் தாங்க வேண்டியிருந்தது.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். செருப்பு வாரில் துளை போட வட்டமாக வெட்டும் பஞ்ச் என்ற கருவியைத்தான் எடுக்க வேண்டும், கத்தி நுனியால் கீறக் கூடாது என்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருவார்கள். வட்டமாக வெட்டின துளையில் இழுவை சுற்றிலும் பரவிவிடும். கீறலாக இருந்தால் அதன் முனையிலேயே குவிந்து, அங்கிருந்து கிழியத் தொடங்கும். உடைந்த மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. இரும்புக்குப் போட்டுப் போட்டு மழுங்கின டிரில் பிட்டால் குடைந்திருந்தார்கள். துளையின் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. ஒவ்வொரு பல்லும் ஒரு கீறல்தான். விரிசல் இரண்டும் அந்தப் பற்களில் இருந்துதான் கிளம்பியிருந்தன.

அதனால் துளைதான் முக்கால் வேலை. புது பிட் வாங்குங்கள், ஐம்பது நூறு ரூபாய்க்கு யோசிக்காதீர்கள். துளை விழப்போகும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியுங்கள், பிட் வழுக்காது, பெயின்ட்டும் உரியாது. மூடிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு 5, கடைசியில் தேவையான அளவு. டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். சீவல் சுருள் சுருளாக வந்தால் சரியாகப் போகிறது. பிசுபிசுவென்று நூலாக வந்தால் பிளாஸ்டிக் உருகுகிறது, நிறுத்தி ஆறவிடுங்கள். துளை போட்டதும் அதைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையால் திருகி, மேலும் கீழும் ஓரத்தை வழித்துவிடுங்கள். ஓரத்தை விரல் நுனியால் தடவினால் வழவழவென்று இருக்க வேண்டும்.

உங்கள் பெட்டி பிளாஸ்டிக்கா ஃபைபரா என்று தெரியவில்லை என்றீர்கள். மூடியைத் திறந்து உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தால் ஏபிஎஸ். உட்பக்கம் சொரசொரப்பாக, நார் பின்னினதுபோல் தெரிந்தால் ஃபைபர் கிளாஸ். ஃபைபரில் துளை போடும்போது மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். அதனால் வெளிப்பக்கத்திலிருந்தே துளைக்க வேண்டும், டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டுப் பூச்சை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு நேர்ப்பக்கம் ஓட்ட வேண்டும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும்.

துளை எவ்வளவு பெரிது என்பதில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கறுப்புப் பெட்டி ஒன்றை மத்தியானம் வெளியே நிறுத்தினால் மூடியில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஏபிஎஸ் நீளும், எஸ்.எஸ். பைப்பும் நீளும், ஆனால் பிளாஸ்டிக் நாலைந்து மடங்கு அதிகமாக நீளும். ரெயிலின் முன் காலுக்கும் பின் காலுக்கும் 300 மி.மீ. இடைவெளி, காலையிலிருந்து மத்தியானத்துக்குள் 40 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் வருகிறது. 6 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளையே போட்டால் அந்த முக்கால் மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை. தினமும் துளையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் 7.5 போட்டேன். ஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு, 6.5 போதும்.

அடுத்தது மூடிக்கு உள்ளே வரும் பட்டை. போல்ட்டுக்கு ஒரு வாசர் என்று விடாமல், முன் போல்ட்டையும் பின் போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி 25 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனத்தில் ஒரு அலுமினியப் பட்டை வையுங்கள். மூடிக்கு இரண்டு பட்டை. மூலைகளை உருட்டிவிடுங்கள், உள்ளே வைக்கும் பையைக் கிழிக்காது. பட்டையிலும் துளை 7.5தான். இப்போது இழுவை நாலு புள்ளியில் நிற்காமல் இரண்டு நீளக் கோடாகப் பரவும். என் முதல் மூடியில் இது மட்டும் இருந்திருந்தால்கூட அன்றைக்கு வீடு வரை வந்து சேர்ந்திருக்கும்.

மேலே ரெயிலின் காலுக்கு அடியிலும் உள்ளே பட்டைக்கு மேலேயும் ரப்பர் வேண்டும். லாரி டியூப் துண்டு போதும். கத்திரிக்கோலால் வெட்டாமல் பஞ்ச் வைத்து வட்டமாக எடுங்கள்.  இந்தப் பக்கம் தோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோல் வாசர் மட்டும் போடாதீர்கள். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு போல்ட்டைச் சுற்றி ஈரம் காயவே விடாது.

சீல் செய்ய சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அது அலுமினியத்தை அரிக்கும் வகை. நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள், துளையைச் சுற்றிப் பட்டாணி அளவு போதும். நட்டு கழலாமல் இருக்கக் கடையில் ஒரு நீலப் பசை தருவார்கள். இரும்புக்கு இரும்பு என்றால் நல்ல சாமான்தான், ஆனால் ஏபிஎஸ்மேல் பட்டால் நாளடைவில் பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விடும். அதற்குப் பதில், உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டு போட்டால் முடிந்தது. ரப்பர் லேசாகப் பிதுங்குகிற வரை முறுக்கி நிறுத்துங்கள். அதற்கு மேல் கை பலத்தைக் காட்ட வேண்டாம். ஒரு வாரம் ஓட்டியபின் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டிக்குள் பழைய தினசரித்தாளை விரித்து மூடிவிட்டு, மேலே ரெண்டு மக் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். அரைமணி கழித்துத் திறந்தால் தாளில் எங்கே வட்டம் விழுந்திருக்கிறதோ அந்தத் துளையை மட்டும் கழற்றிச் சரிபார்த்தால் போதும். எனக்கு ஒரு வட்டம்தான் விழுந்தது, அதுவும் மூடியின் ரப்பர் பீடிங் விலகியிருந்ததால்.

இனி ரெயில். வெளிநாட்டில் ஹார்லி, கோல்டு விங் மாதிரி வண்டிகளுக்கு ரெடிமேட் கிட் விற்கிறார்கள், நம் பெட்டிகளுக்குப் பட்டறையில்தான் செய்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ். 304 ரகப் பைப், வெளி விட்டம் 16 மி.மீ., கனம் 1.2 மி.மீ. எடுத்தால் மீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவுதான். மூடி மேடு பள்ளமாக இருக்கும், ஆகவே அட்டையில் அதன் வளைவை அப்படியே வெட்டி எடுத்துக் கொடுங்கள். காலின் தட்டு மூடியில் முழுசாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்க மூடிதான் வளையும். கால்கள் மூடியின் நடுவில் வேண்டாம், அங்கே தட்டினாலே அமுங்கும். மடிப்பு தொடங்கும் இடத்திலிருந்து 30 மி.மீ. உள்ளே வந்தால் உறுதியாக இருக்கும். குறிக்கும் முன் உள்ளே பூட்டின் கொக்கி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைப் பட்டறைக்கு எடுத்துப் போகலாம், ஆனால் அதன்மேலேயே வைத்து வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

வலதும் இடதும் ஒன்றல்ல, கண்ணாடிபோல் எதிரெதிர். இரண்டாவது முறை வேறு பட்டறைக்குப் போனேன், அங்கேயும் இரண்டையும் ஒரே மாதிரி வளைத்து வைத்திருந்தார்கள். "இன்னாண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அந்தத் தம்பி. செருப்பைக் கழற்றிக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டு ஒன்றை மறுபடி வளைத்துக் கொடுத்தார். பைப்பின் முனை எதுவும் திறந்து நிற்கக் கூடாது, கீழ்நோக்கி வளைந்து காலாகவே இறங்க வேண்டும். பின்னால் உட்காருபவரின் புடவை முந்தானையோ துப்பட்டாவோ நீட்டின முனையில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக, பெட்டி மாட்ட இடைஞ்சல் என்று சேலைக் காப்பைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. ரெயிலை மூடிமேல் தற்காலிகமாகக் கட்டி, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, தொடையில் இடிக்கிறதா, மூடி முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் துளையைக் குறியுங்கள்.

கட்டுவதற்கு ரப்பர் கயிறு வேண்டாம், நீளாத பட்டை பெல்ட் வாங்குங்கள். ஒரு பெல்ட் ரெயிலில் கட்டட்டும், இன்னொன்று பெட்டியையே அடியோடு சுற்றி வரட்டும். பூட்டு திறந்துகொண்டாலும் மூடி பறக்காது. நான் ஒரு பக்கத்துக்கு மூன்று கிலோவைத் தாண்டுவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே எடையாக வைக்கிறேன். ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவு, உயரத்தில் ஒருபக்க எடை இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி கையை விட்டு இழுக்கும். சாமை, புளி, தேன் எல்லாம் பெட்டிக்குள் அடியில் போகிறது. பலாப்பழம் வாங்கினால் அங்கேயே சுளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்கிறோம்.

உடைந்த அந்த மூடியையும் வீசவில்லை. விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. வட்டத் துளை போட்டேன், அதற்கு மேல் அது ஓடவில்லை. உள்ளே தட்டு வைத்து ஒட்டி, அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். ரெயில் வளைக்க வெட்டின அட்டையும் பரண்மேல் இருக்கிறது. உங்கள் மூடியின் நீள அகலத்தை அளந்து கீழே எழுதுங்கள், ஒத்துவந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.